அப்துல் கலாம் சுமந்த பாரம்

திருச்சி நெடுஞ்சாலையில் சூலூரைக் கடந்து கோவைக்குப் படிக்க வரும் மாணவர்களுக்கு வானத்து ஓசை புதிதன்று. விசைத்தறியின் ஓசைக்கும் விமானத்தின் ஓசைக்கும் இடையே வளர்ந்த வட்டாரம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஓடுதளம் அமைந்தது. இந்தியக் கடற்படையின் ஹன்சா வான்தளம் 1961 செப்டம்பரில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றதும் சூலூரில்தான். கோவா விடுதலை பெற்ற பின்னரே அது டபோலிமுக்குப் பெயர்ந்தது. பின்னாளில் சூலூர் விமானப்படையின் தளமாயிற்று. உள்நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி 2018-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் அணி 2020 மே மாதத்தில் இங்கேயே மீண்டும் உருப்பெற்றது.

அந்தப் பெருமிதத்தின் மறுபக்கத்தையும் சூலூர் கண்டது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் துபாயில் நடந்த விமானக் காட்சியில் தேஜஸ் விமானம் ஒன்று தரையில் விழுந்து நொறுங்க, அதனை ஓட்டிய விமானி உயிர் நீத்தார். அவரது உடல் முதலில் கொண்டுவரப்பட்டது சூலூர்த் தளத்துக்குத்தான். இங்கே இறுதி மரியாதை செலுத்தப்பட்ட பின்னரே இமாசலத்திலுள்ள அவர்தம் சொந்த ஊருக்கு உடல் எடுத்துச் செல்லப்பட்டது. நாளிதழில் அப்படத்தைக் கண்டபோது எமக்கு நினைவில் எழுந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். இத்தகைய துயர நாள் ஒன்று அவர் வாழ்விலும் வந்தது. அன்று எட்டு உடல்கள். அவ்விமானத்தை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவரே.

கலாமைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவன அக்னி, பொக்ரான், குடியரசுத் தலைவர் மாளிகை, மாணவர்களிடம் அவர் கொண்ட பாசம் ஆகியவை. இவை பேசத்தக்கவையே. ஆயினும், வானில் பறக்கும் ராடார் விமானத்தை நாமே செய்ய முயன்று தோற்ற கதையையும், அத்தோல்வி அம்மனிதரிடம் விட்டுச் சென்றதையும் பேசுவார் அரியர். அதனை இம்மலரில் சொல்லிவைக்க விழைகிறோம்.

இராமேசுவரத்தில் 1931 அக்டோபர் 15-ஆம் நாள் ஜைனுலாப்தீன் மரைக்காயருக்கும் ஆஷியம்மாளுக்கும் பிறந்தவர் அப்துல் கலாம். தந்தையார் படகு வைத்திருந்தவர். யாத்திரிகர்களை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏற்றிச் சென்றவர். கடற்கரைச் சிறுவன் ஒருவன் தானாகவே அறிந்துகொள்ளும் பாடம் ஒன்று உண்டு. தொலைவிலிருந்து வரும் கலத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது பாய்மரத்தின் உச்சி; உடற்பகுதி பிறகே எழும். கரையில் நிற்பவனைக் காட்டிலும் கலங்கரை விளக்கத்தின் மேல் நிற்பவன் அதனை முந்திக் காண்பான். பூமியின் வளைவு செய்யும் இவ்வேலையைச் சற்றுப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற பின், சென்னை குரோம்பேட்டையில் இருந்த எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயில இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வழியில்லை. தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அங்கே விமான வடிவமைப்புப் பணி ஒன்றில் தாம் சுணங்கியபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு விதித்து, தவறினால் உதவித்தொகை நின்றுபோகும் என்று எச்சரித்ததையும், உறக்கமின்றி வரைந்து முடித்ததையும் கலாம் பிற்காலத்தில் விருப்பத்தோடு நினைவுகூர்ந்தார்.

அவர் விரும்பியது விமானம் செய்வதை அன்று, ஓட்டுவதை. விமானப்படை அதிகாரித் தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் எண்மர் தேவைப்பட்டனர். கலாம் ஒன்பதாமவராக வந்தார். ஓர் இடத்தில் தவறிப்போன அந்த வாழ்வை அவர் மறந்ததாகத் தெரியவில்லை. மனமுடைந்து ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றதையும், பின் தில்லிக்குத் திரும்பிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் 1958-இல் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்ததையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலைப் படித்தவர் அறிவர். விமானப்படை அவரைத் தன் விமானியாக ஏற்கவில்லை. அதே படைக்குரிய கருவிகளைச் செய்வோருக்குத் தலைவராக அவர் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமர்ந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் தோல்விகளுக்குக் குறைவில்லை. பெங்களூரில் அவர் குழு செய்த ‘நந்தி’ என்னும் மிதவை ஊர்தியில் அமைச்சர் கிருஷ்ண மேனனே ஏறிச் சென்றார். ஆயினும் அத்திட்டம் பின்பு கைவிடப்பட்டது. தும்பா, ஸ்ரீஹரிகோட்டா எனப் பணி தொடர்ந்தது. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். செய்தியாளர் முன் நின்று பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவரோ விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிட்டியபோது, செய்தியாளரைச் சந்திக்கும் பணியைத் தவான் கலாமிடம் விட்டார். தலைமை என்றால் என்ன என்பதற்குக் கலாம் வாழ்நாள் முழுதும் காட்டிய சான்று இதுவே. நம் கல்லூரி விழாக்களில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடாத சிறப்புரை அரிது. அந்தப் பாடத்துக்கான கடினமான தேர்வு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது என்பதைத்தான் நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி, அந்த விமானத்தின் கதைக்கு வருவோம்.

ராடார் அலை நேர்க்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. பத்து மீட்டர் உயரத்தில் அமைந்த தரை ராடார் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூறு மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் பகை விமானம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெருங்கிய பின்னரே அதன் பார்வைக்குள் எழும். மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானம் அத்தொலைவைக் கடக்க மூன்று நிமிடம் சற்று மிகும், அவ்வளவே. அதே ராடாரை 7,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அடிவானம் 380 கிலோமீட்டர் அளவுக்கு விலகிச் செல்லும். மூன்று நிமிட எச்சரிக்கை இருபத்தைந்து நிமிடமாக வளரும். இராமேசுவரத்துக் கரையில் நிற்பவனுக்கும் கலங்கரை விளக்கத்தில் நிற்பவனுக்கும் உள்ள வேறுபாடே இது.

சொல்வது எளிது. உயரத்திலிருந்து கீழ்நோக்கும் ராடாருக்கு மலையும் மரமும் கட்டடமும் எதிரொலி எழுப்பும். அந்த இரைச்சலுக்குள் நகரும் ஒரு புள்ளியைப் பிரித்தறிதல் வேண்டும். சுற்றிலும் பார்க்க வேண்டுமாயின் அலைவாங்கி சுழல வேண்டும். அதனை மூடிய பெரிய வட்டக் கூட்டினை விமானத்தின் முதுகில் தாங்கிகளின்மேல் ஏற்ற வேண்டும். காற்றின் போக்கு மாறும்; வாலுக்குச் செல்லும் காற்றோட்டமும் குலையும். அமெரிக்காவும் சோவியத் நாடும் இதில் தேர்ந்திருந்தன. அமெரிக்காவிடமிருந்து இத்தகைய விமானத்தைப் பெறப் பாகிஸ்தான் முயன்ற எண்பதுகளில், நாமே ஒன்றைச் செய்வோம் என்று இந்தியா துணிந்தது. 1985-இல் திட்டம் தொடங்கியது. கான்பூரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட ஆவ்ரோ விமானம் ஒன்று அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. அதன் முதுகில் சுமார் 24 அடி விட்டமுள்ள வட்டக் கூடு ஏற்றப்பட்டு, 1990 நவம்பரில் அது முதன்முறையாகப் பறந்தது. மறு ஆண்டு பெங்களூரில் இதற்கெனவே வான்வழி அமைப்புகள் மையம் உருவாயிற்று.

இத்திட்டம் கலாம் தொடங்கியதன்று. 1992-இல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனத்தின் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றபோது, நடந்துகொண்டிருந்த பல பணிகளுள் ஒன்றாக இது அவர் மேசைக்கு வந்தது. ஏவுகணைப் பணியில் அவர் கை பதிந்த அளவுக்கு இதில் பதியவில்லை என்றே கருத வேண்டும். ஆனால் தலைவருக்கு அந்த வேறுபாடு ஒரு புகலிடமாகாது. அவரும் அதனைப் புகலிடமாகக் கொள்ளவில்லை.

1997-இல் பாரத ரத்னா. 1998 மே 11-இல் பொக்ரான். நாடெங்கும் அவர் பெயர் ஒலித்தது. சரியாக எட்டு மாதங்கள் கழிந்து வந்தது 1999 ஜனவரி 11. பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள். ரமலான் நோன்பின் கடைசிப் பத்து நாள்கள் நடந்துகொண்டிருந்தன. அன்று பெங்களூரிலிருந்து இரண்டு விமானங்கள் புறப்பட்டன. ஒன்று முதுகில் வட்டக் கூட்டினைத் தாங்கிய ஆவ்ரோ. மற்றொன்று அதன் ராடார் கண்டறிய வேண்டிய இலக்காகப் பறந்த ஆன்டனோவ்-32. அரக்கோணம், சென்னை வான்பகுதியில் சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் சோதனை நடந்தது. ஒன்றரை மணி நேர அளவில் பணி முடிந்து, மாலை நான்கு மணியளவில் ஆன்டனோவ் அரக்கோணத்தில் இறங்கிவிட்டது. ஆவ்ரோவும் இறங்கத் தொடங்கியது. அப்போது அதன் முதுகிலிருந்த வட்டக் கூடு பிய்த்துக்கொண்டு சென்றது. நிலைகுலைந்த விமானம் அரக்கோணத்தை அடுத்த பகுதியில் விழுந்தது. உள்ளே இருந்த எண்மரும் மாண்டனர். விமானப்படையினரும் அறிவியலாளரும் அடங்கிய இளைஞர் குழு அது. எந்தக் கருவியை வானில் ஏற்றப் பல்லாண்டு உழைத்தார்களோ அந்தக் கருவியே அவர்களை வீழ்த்தியது.

செய்தி எட்டியபோது கலாம் தில்லியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். உடனே பெங்களூருக்கு விரைந்தார். விமானப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்றுச் சில நாள்களே ஆகியிருந்த டிப்னிஸ் அவர்களும் அங்கே இருந்தார். உடல்கள் சிதைந்துபோனமையால் பேழைகளில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் அடையாளத்துக்காகவே. இளம் மனைவியர் கதறினர். பெற்றோர் சொல்லிழந்து நின்றனர். ஒரு பெண்மணி தம் கைக்குழந்தையைக் கலாமின் முன் நீட்டி, இச்சிறு உயிரை இனி யார் காப்பர் என்று கேட்டார். மற்றொருவர், எங்களுக்கு ஏன் இவ்வாறு செய்தீர்கள் என்று அவர் பெயரைச் சொல்லியே கேட்டார்.

இக்கேள்விகளைக் கலாம் மறைக்கவில்லை. பின்னர் எழுதிய ‘எழுச்சி தீபங்கள்’ நூலில் அவரே இவற்றைப் பதிவு செய்துள்ளார். தம்மைக் குற்றம் சாட்டிய சொல்லைத் தாமே அச்சிலேற்றும் பெருந்தலைவர்கள் எத்தனை பேர்? அந்நூலில் அவர் அப்பெண்களுக்கு விடை எதுவும் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. தேசம், தியாகம் என்னும் பெரிய சொற்கள் கைவசம் இருந்த மனிதர் அவர். கைக்குழந்தையோடு நின்ற தாயின் முன் அவற்றை எடுக்கவில்லை என்பதே எமக்கு அவர்பால் மதிப்பை உயர்த்துவது.

1979-ஐயும் 1999-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அன்று விழுந்தது ஆளில்லாக் கலம். மறு ஆண்டு மற்றொரு கலம் ஏறி அக்கணக்கை நேர் செய்தது. அன்று கலாமுக்கு முன்னால் நிற்கத் தவான் இருந்தார். இம்முறை நிறுவனத்தின் தலைமை அவரிடமே இருந்தது. முன்னே நிற்க வேறு ஒருவர் இல்லை. எந்த வெற்றி வந்தாலும் அந்த எண்மருக்கு ஈடாகாது என்பதும் தெளிவு. அரக்கோணத்துக்குச் சரியாக மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரல் 11-ஆம் நாள், அக்னி-2 முதன்முறையாக ஏவப்பட்டு வெற்றி கண்டது. நாடு கொண்டாடியது. பெங்களூரில் அந்த எட்டு இல்லங்களில் அச்செய்தி எவ்வாறு கேட்கப்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வான்வழி ராடார்த் திட்டம் நின்றுபோயிற்று. அவ்வாண்டு இறுதியில் கலாமும் நிறுவனத் தலைமையிலிருந்து விடைபெற்று, அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகரானார். அப்பொறுப்பில் இருக்கையில், 2001 செப்டம்பர் 30-ஆம் நாள் ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோவில் அவர் சென்ற ஹெலிகாப்டர் இறங்கும்போது விழுந்தது. அவர் காயமின்றித் தப்பினார். பள்ளி மாணவரைச் சந்திக்கும் தம் அன்றைய நிகழ்ச்சிக்கும் குறித்தவாறே சென்றார். வானூர்தி விபத்தில் பிறரை இழந்த துயரை அறிந்தவர், அதே விபத்தின் விளிம்பைத் தாமும் தொட்டுத் திரும்பினார். மறு ஆண்டு ஜூலை 25-இல் குடியரசுத் தலைவர். அரசியல் சட்டப்படி முப்படைகளின் தலைமைத் தளபதி. டேராடூனில் ஒன்பதாமிடத்தில் நின்ற இளைஞர், 2006 ஜூன் 8-ஆம் நாள் புனே தளத்தில் சுகோய்-30 போர் விமானத்தில் இணை விமானியின் இருக்கையில் அமர்ந்து அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தார். வயது எழுபத்து நான்கு. அன்றைய படத்தில் அவர் முகத்திலிருந்த மலர்ச்சியை வேறு எந்தப் பதவியேற்புப் படத்திலும் நாம் கண்டதில்லை.

அவர் அம்மாளிகையில் இருந்த காலத்திலேயே, 2004-ஆம் ஆண்டில், ராடார் விமானத்துக்கு இரண்டு வழிகள் ஒருங்கே திறந்தன. ஒன்று, இஸ்ரேலின் ஃபால்கன் ராடாரைத் தாங்கிய மூன்று இல்யூஷின் விமானங்களை விலைக்கு வாங்கும் ஒப்பந்தம்; அவற்றுள் முதலாவது 2009 மே மாதம் இந்தியா வந்தது. மற்றொன்று, உள்நாட்டு முயற்சிக்கு மீண்டும் கிடைத்த ஒப்புதல். வாங்கிவிட்ட பின் செய்வானேன் என்று கேட்டவர்கள் இருந்தனர். அக்கேள்வி முற்றும் தவறானதன்று. எட்டு உயிர்களைக் கொடுத்த நாடு அதனைக் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் வாங்கிய கருவியின் உள்ளத்தை விற்றவனே அறிவான். அதனைத் திருத்தவும் வளர்க்கவும் அவனிடமே செல்ல வேண்டியிருக்கும்.

இம்முறை பெங்களூர் மையம் வேறு வழியைத் தேர்ந்தது. சுழலும் வட்டக் கூடு இல்லை. பிரேசில் நாட்டின் எம்ப்ரேயர்-145 விமானத்தின் முதுகில், நீளவாக்கில் ஓடும் உத்தரம் போன்ற நிலையான அமைப்பு. அதன் இருபுறமும் பதித்த நுண் அலைபரப்பிகள் அலையை மின்னணு முறையில் திருப்பும். எதுவும் சுழல வேண்டியதில்லை. பக்கத்துக்கு 120 பாகையாக 240 பாகை காணும். முன்னும் பின்னும் சிறிது குருடு உண்டு. விமானம் பறக்கும் பாதையை வகுத்து அதனைச் சரிக்கட்ட வேண்டும். முழு வட்டமும் காண விழைந்த பழைய கனவோடு ஒப்பிட்டால் இது ஒருபடி இறங்கியதே. பத்திரமாகப் பறக்கும் விமானத்துக்காக அப்படி இறங்கியதை நாம் குறையாகக் கருதவில்லை. முதல் விமானம் 2012 ஆகஸ்டில் பெங்களூர் வந்தது. அதற்கு ‘நேத்ரா’ என்று பெயரிட்டனர்.

2015 ஜூலை 27-ஆம் நாள் மாலை, ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்தார். மூன்று நாள் கழித்து இராமேசுவரத்தில், பேக்கரும்பு என்னுமிடத்தில், தந்தையார் படகோட்டிய கடலுக்கு அணித்தே நல்லடக்கம் செய்யப்பட்டார். நேத்ரா அப்போது சோதனைப் பறப்புகளிலேயே இருந்தது.

2017 பிப்ரவரி 14-ஆம் நாள், பெங்களூர் எலகங்கா வான்தளத்தில் நடந்த விமானக் காட்சியில் முதல் நேத்ரா விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. வான்வழி அமைப்புகள் மையத்தை நடத்தி அவ்விமானத்தை உருவாக்கிய எஸ். கிறிஸ்டோபர் அவர்கள், ஒருகாலத்தில் கலாம் வகித்த நிறுவனத் தலைமையில் அன்று இருந்தார். இரண்டாண்டு கழித்து, 2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதல் நடந்தபோது வானில் காவல் நின்ற விமானங்களுள் நேத்ராவும் ஒன்று என நாளிதழ்கள் எழுதின. அரக்கோணத்தில் விழுந்த ஆவ்ரோவுக்கும் எலகங்காவில் கைமாறிய நேத்ராவுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள், ஒரு மாதம், மூன்று நாள்கள். பெங்களூரில் கலாமின் முன் நீட்டப்பட்ட அக்கைக்குழந்தை அன்று பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் பருவத்தை எட்டியிருக்கும்.